திருகோணமலை வீட்டில் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்: வயரிங் முதல் படுக்கையறை வரை முழுமையான வழிகாட்டி

உவர்மலையில் ஒரு வீட்டுக்கு ஏசி துப்புரவு செய்யப் போயிருந்தேன். வேலை முடிந்ததும் அந்த வீட்டு அம்மா ஓர் அட்டைப்பெட்டியை என் கையில் தந்தார். "தம்பி, மகன் கனடாவிலிருந்து அனுப்பியிருக்கிறார். ஏசியோடு பூட்டினால் அங்கிருந்தே சூட்டைப் பார்க்கலாமாம். போன மாதம் ஒருவர் வந்து பூட்டினார், புகை வந்துவிட்டது" என்றார். பெட்டிக்குள் வட்டமான கண்ணாடி முகத்துடன் அழகான ஒரு தெர்மோஸ்டாட் இருந்தது. பின்புறத்தில் ஆர், சி, ஒய், ஜி, டபிள்யூ என்று குறியிட்ட சிறிய முனைகள். ஆர் முனையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கருகி உருகியிருந்தது.

என்ன நடந்தது என்பது பார்த்தவுடன் புரிந்தது. கனடா, அமெரிக்க வீடுகளில் வீடு முழுவதற்கும் நிலக்கீழ் அறையிலோ பரணிலோ ஒரே இயந்திரம் இருக்கும். அங்கிருந்து குழாய் வழியே எல்லா அறைகளுக்கும் காற்று போகும். அந்த இயந்திரத்துக்குள் உள்ள சிறு மின்மாற்றி 24 வோல்ட் மின்னைத் தருகிறது. ஆர் என்பது அந்த 24 வோல்ட் வரும் கம்பி, சி என்பது அது திரும்பும் கம்பி. ஒய் முனையில் மின் போனால் குளிர்விக்கும் கம்பிரசர் ஓடும், ஜி முனையில் போனால் விசிறி, டபிள்யூ முனையில் போனால் சூடேற்றி. சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் செய்வதெல்லாம் இந்தச் சிறு கம்பிகளை ஒன்றோடொன்று தொடுப்பதும் பிரிப்பதும்தான். அந்த ஆர் முனையில் நம் வீட்டு 230 வோல்ட்டைக் கொடுத்தால் அது எரியாமல் என்ன செய்யும்?

புலம்பெயர்ந்த பிள்ளைகள் அன்போடு அனுப்பும் பெட்டிகளில் இந்த வகை அடிக்கடி வருகிறது. அதை நம் ஸ்பிளிட் ஏசியில் பூட்ட முடியாது. ஆனால் அந்த மகன் விரும்பியதை, அதாவது அம்மாவின் அறை எவ்வளவு சூடாக இருக்கிறது என்று அறிந்து அதை அளவாக வைத்திருப்பதை, திருகோணமலையில் எந்த வீட்டிலும் சரியாகச் செய்யலாம். அதற்கான பொருள் வேறு, வயரிங்கும் வேறு. வேலையைத் தொடங்கவேண்டிய இடமும் வேறு.

உங்கள் ஏசிக்குள் ஏற்கனவே ஒரு தெர்மோஸ்டாட் இருக்கிறது

சுவரின் உச்சியில் தொங்கும் உள் அலகின் வலைப்பகுதிக்குப் பின்னால், பயற்றம் பருப்பு அளவில் ஒரு சிறு உணரி இருக்கும். வெப்பநிலைக்கு ஏற்ப அதன் மின்தடை மாறும். அதை வைத்தே ஏசியின் பலகை கம்பிரசரை ஓட்டுவதா, மெதுவாக்குவதா, நிறுத்துவதா என்று முடிவெடுக்கிறது. குறை அது இருக்கும் இடத்தில்தான் உள்ளது. ஏழு, எட்டு அடி உயரத்தில், உள்ளே இழுக்கப்படும் காற்றை அது அளக்கிறது. நீங்கள் படுத்திருப்பது இரண்டடி உயரத்தில், அறையின் மறுபக்கத்தில்.

கன்னியாவில் குளித்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஏழு கிணறுகளும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன, ஒவ்வொன்றின் சூடும் வேறு. ஒரு கிணற்றில் கையை வைத்துவிட்டு ஏழும் இவ்வளவுதான் என்று சொல்ல முடியாது. அறையும் அப்படித்தான். பிற்பகல் வெயில் விழும் மேற்குச் சுவர், ஓட்டுக் கூரையின் கீழுள்ள பலகை, கட்டிலின் தலைமாடு என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு சூடு. தலையணைக்கு அருகில் வைத்த வெப்பமானிக்கும் ரிமோட்டில் தெரியும் எண்ணுக்கும் இடையில் இரண்டு மூன்று பாகை வேறுபாடு இருப்பதை எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறேன்.

ஆகவே நமக்கு வேண்டியது, உடல் இருக்கும் இடத்தில் சூட்டை அளந்து அதற்கேற்ப ஏசிக்குக் கட்டளை தரும் ஒரு பொருள். கடைகளில் இது ஸ்மார்ட் ஏசி கட்டுப்படுத்தி என்ற பெயரில் கிடைக்கிறது. ரிமோட்டைப் போலவே செங்கீழ்க் கதிரால் ஏசியுடன் பேசும். வீட்டு வைஃபை வழியாகத் தொலைபேசியுடன் பேசும். வெப்பநிலையோடு ஈரப்பதனையும் அளப்பது நல்லது. சென்சிபோ போன்ற ஏசிக்கென்றே செய்யப்பட்டவையும் உண்டு, பிராட்லிங்க், துயா வகையில் எல்லா ரிமோட்டுகளுக்கும் பொதுவானவையும் உண்டு.

வேறு இரண்டு வகைகளையும் சொல்லிவிடுகிறேன். சில ஏசிகளுக்கு அதே நிறுவனம் செய்த சுவர்க் கட்டுப்படுத்தியோ வைஃபை அட்டையோ கிடைக்கும். அது பலகையில் உள்ள உரிய பிளக்கில் நேரே பூட்டப்படும். உங்கள் மாதிரிக்கு அது கிடைத்தால் யோசிக்காமல் அதையே வாங்குங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துப் பெரிய ஹோட்டல்களில் குளிர்நீர் ஓடும் விசிறி அலகுகளுக்குச் சுவரில் 230 வோல்ட் தெர்மோஸ்டாட் இருக்கும். அது வீட்டுக்கு உரியதல்ல.

செய்யவே கூடாத ஒன்று

ஏசிக்குப் போகும் மின்வழியின் நடுவே ஸ்மார்ட் சுவிட்சையோ ஸ்மார்ட் பிளக்கையோ பூட்டி, சூடு குறைந்ததும் மின்னைத் துண்டிக்கும் முறையைச் சிலர் மலிவான தெர்மோஸ்டாட் என்று சொல்லித் தருகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஏசி நிற்கும்போது அதற்கென்று ஓர் ஒழுங்கு இருக்கிறது: கம்பிரசர் முதலில் நிற்கும், விசிறி சிறிது ஓடும், மடல் மூடும். நடுவில் மின்னை வெட்டினால் இவை எதுவும் நடக்காது. குளிர்ச் சுருளில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். நிறுத்திய உடனே மீண்டும் மின் கொடுத்தால், குளிர்வாயுவின் அழுத்தம் சமப்படுமுன் கம்பிரசர் கிளம்பத் தவிக்கும். அதைத் தடுக்கத்தான் ஏசிகள் சுமார் மூன்று நிமிடம் காத்திருக்கும்படி அமைக்கப்பட்டுள்ளன. கம்பிரசரின் வேகத்தைத் தேவைக்கேற்ப கூட்டிக் குறைக்கும் இன்வேட்டர் ஏசியில் ஒவ்வொரு முறை மின் வரும்போதும் மின்தேக்கிகள் நிரம்பும் நேரத்து முதல் பாய்ச்சல் மலிவான ஸ்மார்ட் பிளக்கின் தொடுமுனைகளை ஒட்டவைத்துவிடும். ஒட்டிய பிளக் சூடாகும். அதற்குப் பிறகு நடப்பதை எழுத விரும்பவில்லை.

உள் அலகிலிருந்து வெளி அலகுக்குப் போகும் கம்பிகளிலும் கை வைக்காதீர்கள். அதில் உள்ள சைகைக் கம்பி மெல்லிய மின்னோட்டமுள்ளது, தொட்டால் ஒன்றும் ஆகாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பல மாதிரிகளில் அந்தக் கம்பி வீட்டு மின்னின் அழுத்தத்திலேயே இருக்கும்.

வாங்குவதற்கு முன் வீட்டில் பார்க்கவேண்டியவை

ஏசியின் ரிமோட்டைக் கையில் எடுங்கள். அதில் சிறு திரை இருக்கிறதா? திரையுள்ள ரிமோட் ஒவ்வொரு முறையும் குளிர்விப்பு முறை, வெப்பநிலை, விசிறி வேகம் எல்லாவற்றையும் ஒரே கட்டளையாக அனுப்பும். கட்டுப்படுத்தி வேலை செய்ய இது தேவை. திரை இல்லாமல் கூட்டு, குறை என்று மட்டும் அனுப்பும் பழைய ரிமோட்டென்றால், ஏசி இப்போது எந்த எண்ணில் நிற்கிறது என்று கட்டுப்படுத்தியால் அறிய முடியாது. அப்படியான ஏசிக்குப் பணத்தைச் செலவிடவேண்டாம்.

அடுத்து மின் போய் வந்தபின் ஏசி தானாகக் கிளம்புகிறதா என்று பாருங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போது சுவிட்சை நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். கிளம்பினாலும் கிளம்பாவிட்டாலும் சரி, எது நடக்கிறது என்று தெரிந்திருக்கவேண்டும். பிறகு வைஃபை. இந்தக் கட்டுப்படுத்திகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் மட்டுமே சேரும். ரவுட்டர் முன்னறையில், ஏசி பின்னறையில், நடுவே பழைய காலத்துக் கனத்த சுவர் என்றால், கட்டுப்படுத்தி வைக்கப்போகும் இடத்தில் தொலைபேசியைப் பிடித்துச் சைகை எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிட்டே வாங்குங்கள்.

முதலில் ஏசியின் சொந்த மின்வழி

புதிய கட்டுப்படுத்தியைப் பூட்டச் சொல்லி அழைக்கும் வீடுகளில் நான் பெட்டியைத் திறப்பதற்கு முன் மீட்டர் அருகிலுள்ள மின்பங்கீட்டுப் பெட்டியைத்தான் திறப்பேன். சிலருக்கு இது பிடிப்பதில்லை. ஆனால் தொலைவிலிருந்து ஒருவர் தொடக்கிவைக்கப்போகும் இயந்திரம் இது. யாரும் அறையில் இல்லாதபோதும் ஓடப்போகிறது. அதன் மின்வழி சரியாக இருந்தே ஆகவேண்டும்.

ஏசிக்குத் தனிச் சுற்று வேண்டும். மின்குமிழ்களோடும் மற்றப் பிளக்குகளோடும் பங்கு போடக்கூடாது. 9000, 12000 பி.ரி.யூ. (குளிர்விக்கும் திறனின் அளவு) அலகுக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி, அதாவது கடையில் 7/0.67 என்று கேட்டு வாங்குவது, பொதுவாகப் போதும். 18000, 24000 அலகுகளுக்கும், பெட்டியிலிருந்து அறை தூரமாக உள்ள வீடுகளுக்கும் 4 சதுர மில்லிமீற்றர், 7/0.85 போடுவேன். மின்னோட்டம் மிகுந்தால் தானாக விழும் எம்.சி.பி. எத்தனை அம்பியர் என்பதை ஏசியின் கையேடு சொல்லும், அதைவிடப் பெரியது போடாதீர்கள். அறையில், ஏசிக்கு அருகே கையெட்டும் உயரத்தில், சிவப்பு விளக்குள்ள 20 அம்பியர் டபுள் போல் சுவிட்ச் வேண்டும். மின் வரும் உயிர்க் கம்பியையும் அது திரும்பும் நொதுமல் கம்பியையும் அது ஒருசேரத் துண்டிக்கும்.

பழைய வீடுகளில் உயிர்க் கம்பி சிவப்பு, நொதுமல் கறுப்பு, புவிக் கம்பி பச்சை. புதிய வயரிங்கில் முறையே கபிலம், நீலம், பச்சையும் மஞ்சளும். இரண்டு காலத்து வயரிங்கும் கலந்த வீடுகளில் நிறத்தை நம்பி வேலை செய்யாதீர்கள். ஒவ்வொரு கம்பியையும் அளந்து பாருங்கள்.

இனி ட்ரிப் சுவிட்ச். இலங்கையில் வீட்டுக்கு வீடு தனித்தனியே கம்பியை நிலத்தில் இறக்கிப் புவித்தொடுப்புச் செய்கிறோம். நம் ஊரில் இதற்கு இரண்டு தொல்லைகள் உண்டு. உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கம் மணல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த மணல் காய்ந்து, மின்னைக் கடத்தாத தூள் போலாகிவிடும். மேட்டுப் பக்கங்களில் கம்பி சில அடியிலேயே பாறையில் முட்டும். இப்படிப் புவித்தொடுப்பு பலவீனமான இடத்தில் மின் கசிந்தால், எம்.சி.பி. அதை உணராது. 30 மில்லி அம்பியர் கசிவில் விழும் ட்ரிப் சுவிட்ச்தான் உயிரைக் காக்கும். மழைக்காலத்தில் அடிக்கடி விழுகிறது என்று ஒரு வீட்டில் ட்ரிப் சுவிட்சின் இரு பக்கத்தையும் கம்பியால் இணைத்துவைத்திருந்ததைக் கண்டேன். வெளி அலகின் உடலில் மின் இருந்தது. அதே சுவரோரம் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அன்று அந்த இணைப்பைக் கழற்றி, கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வரை நான் வீட்டுக்குப் போகவில்லை. ட்ரிப் சுவிட்ச் விழுவது பழுதல்ல, பழுதை அது உங்களுக்குச் சொல்கிறது.

மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள், உடனே விழவேண்டும். ஆனால் அது சுவிட்சின் பொறியை மட்டுமே சோதிக்கும், நிலத்திலுள்ள தொடுப்பை அல்ல. அதைப் புவித்தடை மானியால் அளக்கவேண்டும், அதுவும் காய்ந்த ஆடி, ஆவணியில். வாடை மழையில் நனைந்த நிலத்தில் எடுத்த அளவு ஏமாற்றும்.

உப்புக் காற்று இன்னொரு எதிரி. கடலோரத்தில் வெளி அலகின் முனைப்பெட்டியைத் திறந்தால் செம்பில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். களிம்பு ஏறிய இடத்தில் தடை கூடும், தடை கூடிய இடம் சூடாகும், சூடானது இன்னும் தளரும். அப்படிப்பட்ட முனையை வெட்டி, புதுச் செம்பு தெரியும்வரை உரித்து, அழுத்திப் பூட்டும் முனையிட்டு இறுக்குங்கள். முறுக்கி டேப் சுற்றுவது இந்த ஊரில் ஓராண்டுகூடத் தாங்காது. வெளியே பூட்டும் பெட்டிக்குக் கம்பி கீழிருந்து நுழையவேண்டும், மேலிருந்தல்ல. கம்பி வழியே ஒழுகும் மழைநீர் பெட்டிக்குள் போகாமலிருக்க அதுதான் வழி.

இந்தப் பகுதி வேலையெல்லாம் தகுதி பெற்ற மின்னியலாளரின் வேலை. நீங்கள் அறிந்திருக்கவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன், நீங்களே செய்யவேண்டும் என்பதற்காக அல்ல.

கட்டுப்படுத்திக்கு மின் கொடுத்தல்

கட்டுப்படுத்தி 5 வோல்ட் யூ.எஸ்.பி. மின்னில் இயங்கும். தொலைபேசி சார்ஜர் அளவுதான் தேவை. சரியான இடத்தில் 13 அம்பியர் பிளக் இருந்தால் வயரிங் வேலையே இல்லை. பெரும்பாலும் இருக்காது. பிளக் தரையோரத்தில் இருக்கும், கட்டுப்படுத்தி நெஞ்சு உயரத்தில் இருக்கவேண்டும்.

புதிய பிளக்கை ஏசியின் சுற்றிலிருந்து எடுக்காதீர்கள். பக்கத்தில் இருக்கிறதே என்று ஆசை வரும். ஆனால் டபுள் போல் சுவிட்சை நிறுத்தும்போது கட்டுப்படுத்தியும் செத்துவிடும், அறையின் சூட்டைத் தொலைவிலிருந்து பார்க்கவும் முடியாது. அறையிலுள்ள சாதாரணப் பிளக் சுற்றிலிருந்தே எடுங்கள்.

வேலை இந்த ஒழுங்கில் நடக்கவேண்டும். பிளக் சுற்றின் எம்.சி.பி.யை நிறுத்துங்கள். யாரும் போடாதபடி பெட்டியில் ஒரு குறிப்பு ஒட்டுங்கள், வீட்டிலுள்ளவர்களுக்கு வாயாலும் சொல்லுங்கள். விருந்தினர் விடுதியென்றால் மின்பிறப்பாக்கியோ பற்றரி இன்வேட்டரோ இருக்கும். பிரதான சுவிட்ச் நிறுத்தியிருந்தும் அந்த வழியில் மின் வரலாம். அதையும் நிறுத்துங்கள். பிறகு மல்டிமீட்டரை எடுத்து, முதலில் மின் இருக்கும் வேறொரு பிளக்கில் வைத்து 230 வோல்ட் அளவில் காட்டுகிறதா என்று பாருங்கள். அடுத்து வேலை செய்யப்போகும் பிளக்கில் உயிருக்கும் நொதுமலுக்கும், உயிருக்கும் புவிக்கும், நொதுமலுக்கும் புவிக்கும் அளவிடுங்கள். மூன்றிலும் சுழியம் வரவேண்டும். மறுபடியும் மின் உள்ள பிளக்குக்குப் போய் மானி வேலை செய்கிறதா என்று உறுதிப்படுத்துங்கள். விளக்கு எரியும் டெஸ்டரை மட்டும் நம்பிக் கை வைத்தவர்களை எனக்குத் தெரியும். மானி பழுதாகியிருந்தால் செத்த கம்பியும் உயிருள்ள கம்பியும் ஒன்றுபோலத்தான் காட்டும்.

இருக்கும் பிளக்கைக் கழற்றுங்கள். அதற்குப் பின்னால் எத்தனை கம்பி வருகிறது என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மேலே புதிய இடம் வரை சுவரில் பி.வி.சி. கேசிங் அடித்து, அந்தச் சுற்றில் உள்ள அதே தடிப்பில் மூன்று கம்பிகளை இழுங்கள். கம்பி செங்குத்தாகப் போகட்டும். சரிவாக இழுத்தால் நாளை படம் மாட்ட ஆணி அடிப்பவர் அதில் அடித்துவிடுவார். புதிய பிளக்கில் உயிர்க் கம்பி உயிர் முனைக்கு, நொதுமல் நொதுமலுக்கு, புவிக் கம்பி புவி முனைக்கு. திருகை இறுக்கியபின் ஒவ்வொரு கம்பியையும் கையால் இழுத்துப் பாருங்கள், அசையக்கூடாது. செம்பு முனைக்கு வெளியே தெரியவும் கூடாது, உறை திருகுக்குள் மாட்டவும் கூடாது. மூடி பூட்டியபின்தான் மின். மீண்டும் உயிருக்கும் நொதுமலுக்கும், உயிருக்கும் புவிக்கும் சுமார் 230 வோல்ட் வருகிறதா என்று அளவிடுங்கள். உயிருக்கும் புவிக்கும் ஒன்றும் வராவிட்டால் புவிக் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் அந்தப் பிளக்கைப் பாவிக்காதீர்கள்.

எங்கே வைப்பது

துளை போடுவதற்கு முன் கட்டுப்படுத்தியை இரு பக்கமும் ஒட்டும் டேப்பால் ஒட்டி இரண்டு இரவு பாருங்கள். இது நேரத்தை வீணாக்குவது போலத் தோன்றும், ஆனால் நான் போட்ட தவறான துளைகள் எல்லாம் இதைச் செய்யாத வீடுகளில்தான்.

நிலத்திலிருந்து நாலடியிலிருந்து ஐந்தடி உயரம், ஏசியின் முகப்பை நேரே பார்க்கும் சுவர். செங்கீழ்க் கதிர் ஒளியைப் போன்றது, அலுமாரிக்கும் திரைச்சீலைக்கும் பின்னாலிருந்து போகாது. ஆனாலும் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும், ஆகவே கொஞ்சம் பக்கவாட்டில் இருந்தாலும் வேலை செய்யலாம். குளிர்க்காற்று நேரே அடிக்கும் இடத்தில் வைத்தால், அறை குளிர்ந்துவிட்டது என்று தவறாக எண்ணும். மேற்குச் சுவரில் வைத்தால் வைகாசி, ஆனி மாதங்களில் சுவரின் சூட்டை அளக்கும், காற்றின் சூட்டையல்ல. யன்னலோரம், தொலைக்காட்சிக்கு மேல், குளிர்சாதனப் பெட்டிக்கு அருகில், இவை எதுவும் வேண்டாம். சாமித் தட்டில் விளக்கெரியும் மூலையும் வேண்டாம். ஒரு வீட்டில் மாலை ஆறரைக்குத் தினமும் ஏசி தானாகக் கூடுதல் குளிருக்குப் போனது ஏன் என்று தேடி, குத்துவிளக்கில் போய் நின்றோம்.

கட்டில் தூரத்தில் இருந்தால் பற்றரியில் ஓடும் தனி உணரி ஒன்றையும் சேர்த்து வாங்கித் தலைமாட்டுப் பக்கம் வையுங்கள். முதியவர் படுக்கும் அறையில் இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

கதிர் வருகிறதா என்று சந்தேகம் வந்தால், தொலைபேசியின் முன்பக்கக் கமெராவால் கட்டுப்படுத்தியைப் பார்த்துக்கொண்டு கட்டளை அனுப்புங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி பல கமெராக்களில் ஊதா மினுக்கமாகத் தெரியும்.

இணைப்பும் கட்டளைகளும்

தொலைபேசியை 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் சேர்த்துவிட்டு, செயலியை நிறுவி, அது சொல்வதுபோல் கட்டுப்படுத்தியை இணையுங்கள். இதில் சொல்ல அதிகமில்லை. நேர வலயத்தைக் கொழும்பு என்று தெரிவுசெய்யுங்கள், வெப்பநிலையைச் செல்சியஸ் என்று மாற்றுங்கள். கணக்கைப் பிள்ளையின் பெயரில் மட்டும் திறக்காமல் வீட்டிலிருக்கும் ஒருவரின் தொலைபேசியிலும் சேருங்கள்.

அடுத்து ஏசியின் மொழியைக் கற்பிக்கவேண்டும். செயலி ரிமோட்டை நோக்கி ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லும், அல்லது நிறுவனப் பட்டியலைத் தரும். ஒரே நிறுவனத்துக்குப் பல குறியீட்டுத் தொகுப்புகள் இருக்கும். ஏசி "பீப்" என்றதும் சரி என்று முடித்துவிடாதீர்கள். 24, 26, 28 பாகை, மூன்று விசிறி வேகம், ஈரம் அகற்றும் முறை, நிறுத்தல் என எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அனுப்பி, உள் அலகின் எண்ணோடு ஒப்பிடுங்கள். 26 அனுப்பினால் 25 காட்டுவது, நிறுத்தம் அனுப்பினால் மீண்டும் கிளம்புவது, இவை தவறான தொகுப்பின் அடையாளங்கள்.

ஒன்றை மனத்தில் வையுங்கள்: இது ஒருவழிப் பேச்சு. கட்டளை போய்ச் சேர்ந்ததா என்று பல கட்டுப்படுத்திகளுக்குத் தெரியாது. ஏசி நிறுத்தப்பட்டது என்று செயலி காட்டும், அறையில் ஏசி ஓடிக்கொண்டிருக்கும். உண்மையைச் சொல்வது வெப்பநிலைக் கோடுதான். நிறுத்தியபின் அரை மணியில் அது ஏறத் தொடங்காவிட்டால் கட்டளை போகவில்லை.

நம் காலநிலைக்கு எப்படி அமைப்பது

கட்டுப்படுத்தி ஏசியை அடிக்கடி நிறுத்தித் தொடக்குவதை நான் விரும்புவதில்லை. அதுவும் இன்வேட்டர் ஏசி மெதுவாகத் தொடர்ந்து ஓடும்போதுதான் மின்னைச் சேமிக்கும். எனவே விதிகளை எழுதும்போது "நிறுத்து" என்பதற்குப் பதிலாக "எண்ணை மாற்று" என்று எழுதுங்கள். தலைமாட்டு உணரி 25.5க்குக் கீழே போனால் ஏசியை 27க்கு உயர்த்து, 27க்கு மேலே போனால் 25க்கு இறக்கு. இடையில் ஒன்றரைப் பாகை இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளி இல்லாவிட்டால் இரவு முழுவதும் அது மாறிமாறிக் கட்டளை அனுப்பிக்கொண்டிருக்கும். நிறுத்தியே ஆகவேண்டும் என்றால் மீண்டும் தொடங்க ஐந்து நிமிடமாவது இடைவெளி வையுங்கள்.

கச்சான் வீசும் வைகாசி முதல் ஆவணி வரை மேற்குப் பக்க யன்னல்களைக் காலை பத்துக்கே அடைத்துவிடுங்கள். படுக்குமுன் அரை மணி நேரம் 25, பிறகு 26, விடிகாலை நான்குக்கு 27 என்று ஏற்றுங்கள். மேல் விசிறி மெதுவாகச் சுழன்றால் 27 பாகையும் சுகமாகவே இருக்கும். வாடைக் காலமோ வேறு கதை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் சூடு குறைவு, ஈரம் கூடுதல். அலுமாரியில் துணி பூஞ்சை பிடிக்கும், முதியவர்களுக்கு இழுப்பு வரும். அப்போது வெப்பநிலையை விட்டுவிட்டு ஈரப்பதனை வைத்து விதி எழுதுங்கள். 70 விழுக்காட்டைத் தாண்டினால் ஈரம் அகற்றும் முறையில் ஒரு மணி நேரம் ஓடட்டும், 60க்கு வந்ததும் நிற்கட்டும்.

மின்கட்டணத்தையும் பார்க்கவேண்டும். வீட்டுக் கட்டணத்தில் அலகு கூடக்கூட ஒவ்வோர் அலகின் விலையும் படிப்படியாக ஏறும். ஏசி உள்ள வீடு மாதம் 180 அலகைத் தாண்டுவது எளிது, அதற்கு மேல்தான் மிக உயர்ந்த படி. நேர அடிப்படையிலான கட்டண முறையில் இருப்பவர்களுக்கு மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம். அவர்கள் ஆறு மணிக்கே அறையைக் குளிர்வித்து, உச்ச நேரத்தில் எண்ணை உயர்த்தி, 10.30க்குப் பிறகு இறக்கும்படி அமைக்கலாம்.

வேலை செய்யாதபோது

ஏசி கேட்கவில்லை என்றால் முதலில் பழைய ரிமோட்டால் முயலுங்கள். ரிமோட்டுக்கும் கேட்கவில்லை என்றால் பழுது ஏசியில். ரிமோட்டுக்குக் கேட்கிறது, கட்டுப்படுத்திக்குக் கேட்கவில்லை என்றால் நடுவே ஏதோ மறைக்கிறது, பெரும்பாலும் புதிதாகத் தொங்கவிட்ட திரைச்சீலை. செயலியில் இணைப்பு இல்லை என்று வந்தால் ரவுட்டரை மாற்றினீர்களா, கடவுச்சொல்லை மாற்றினீர்களா என்று நினைத்துப் பாருங்கள்.

மின்தடைக்குப் பிறகு ரவுட்டர் எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில் தானாகக் கிளம்பும் ஏசி பழைய எண்ணிலேயே ஓடும். கால அட்டவணை தன்னிடமே பதிந்திருக்கும் கட்டுப்படுத்தியென்றால் இணையம் இல்லாமலும் தொடரும். இணையத்தையே நம்பியிருப்பவை தொடராது, வாங்கும்போதே இதைக் கேளுங்கள். இடிமழைக் காலத்தில் மின்பாய்ச்சல் தடுப்பானைப் பங்கீட்டுப் பெட்டியில் பூட்டிவைப்பது ஏசியின் பலகையையும் காக்கும்.

மழை நாளில் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் ஏசியின் டபுள் போல் சுவிட்சை நிறுத்திவிட்டு ட்ரிப்பை மேலே தள்ளிப் பாருங்கள். விழாமல் மேலேயே நின்றால் கசிவு ஏசி வழியில், பெரும்பாலும் வெளி அலகின் முனைப்பெட்டியில் நீர். மின்னியலாளர் வந்து பார்க்கும்வரை அந்தச் சுவிட்சைத் தொடவேண்டாம். வீட்டுக்கு வரும் வழியில் தீப்பொறியோ அறுந்த கம்பியோ தெரிந்தால் மின்சார முறைப்பாட்டு எண் 1987ஐ அழையுங்கள். யாருக்காவது மின் அடித்தால் முதலில் மின்னைத் துண்டித்து, பிறகு அம்புலன்சுக்கு 1990.

அம்மாவின் ரிமோட்

உவர்மலை வீட்டில் கருகிய பெட்டியைக் கழற்றி, சுவரை மூடி, புதிய பிளக் இழுத்து, கட்டுப்படுத்தியைத் தலைமாட்டு உணரியோடு பூட்டிக் கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்து அந்த அம்மா அழைத்தார். இரவில் குளிர்கிறது என்று அவர் ரிமோட்டால் நிறுத்துகிறார், சூடாகிறது என்று கனடாவிலிருந்து மகன் மீண்டும் தொடக்குகிறார். யாருடைய அன்பிலும் குறையில்லை. இரவெல்லாம் அவர் போர்வையோடு எழுந்து எழுந்து படுத்திருக்கிறார்.

செயலியில் மகனின் உரிமையைப் பார்ப்பதற்கு மட்டும் என்று மாற்றினேன். அறை 31 பாகையைத் தாண்டினால் அவருக்கு அறிவிப்புப் போகும். அப்போது அவர் செய்யவேண்டியது அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்பது. ரிமோட்டில் கை வைத்தால் அடுத்த நான்கு மணி நேரம் எந்த விதியும் குறுக்கே வராது என்றும் அமைத்தேன். முதியவர்கள் தனியே இருக்கும் எல்லா வீட்டிலும் இப்போது இப்படித்தான் செய்கிறேன்.

புறப்படுமுன் பங்கீட்டுப் பெட்டியின் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டினேன். எது ஏசியின் எம்.சி.பி., எது கட்டுப்படுத்தியின் பிளக், கம்பியின் தடிப்பு என்ன, புவித்தடை எந்தத் தேதியில் எவ்வளவு, ட்ரிப் சுவிட்சை அடுத்துச் சோதிக்கவேண்டிய நாள் எது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பெரிய எழுத்தில், தமிழில் எழுதினேன். அந்த அம்மா கண்ணாடி போட்டு முழுவதையும் வாசித்துவிட்டு, சோதிக்கும் நாளைக் கோயில் நாட்காட்டியிலும் குறித்துக்கொண்டார்.